படைப்பு மென்பொருள்களின் சந்தா விலைமுறை: அடோபியும் பழைய வாடிக்கையாளர்களும்

ஒளிப்படத் திருத்தம், ஓவியம், பக்க வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளுக்கான கணினி நிரல்கள் படைப்பு மென்பொருள்கள் எனப்படுகின்றன. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, கணினி இடம்கொடுக்கும் வரை வைத்துப் பயன்படுத்துவது இவற்றின் பழைய விற்பனை முறை. இதை நிரந்தர உரிமம் என்பர். மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ செலுத்தி, செலுத்தும் காலம் வரை மட்டும் பயன்படுத்துவது சந்தா முறை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் முதலியவற்றைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான அடோபி, 2013-இல் முதல் முறையை விட்டுவிட்டு இரண்டாவது முறைக்கு மாறியது. புதிதாக வந்தவருக்கு இம்மாற்றம் மலிவாகத் தெரிந்தது. பல ஆண்டுகளாக அந்நிறுவனத்தின் பொருள்களையே வாங்கிவந்தவருக்குத்தான் செலவு கூடியது. இது எப்படி நேர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட்டியில் வந்த மென்பொருள்

ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவரும் 1982-இல் அடோபியைத் தொடங்கினர். வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. 1987-இல் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990-இல் வெளியானது. 1994-இல் ஆல்டஸ் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் பேஜ்மேக்கர் அடோபியிடம் வந்தது. அதற்கு மாற்றாக இன்டிசைன் 1999-இல் வெளிவந்தது. 2005-இல் மேக்ரோமீடியாவும் அடோபியுடன் இணைந்தது. இல்லஸ்ட்ரேட்டருக்குப் போட்டியாக விளங்கிய ஃப்ரீஹேண்ட் இதனால் அடோபியின் கைக்கு வந்து, பின்னர் வளர்ச்சியின்றி நின்றுபோனது. விலை பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. போட்டியாளர் குறையும்போது வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவதும் கடினமாகிறது.

2003 முதல் இம்மென்பொருள்கள் கிரியேட்டிவ் சூட் என்ற தொகுப்பாக விற்கப்பட்டன. சிஎஸ் 2 (2005), சிஎஸ் 3 (2007), சிஎஸ் 4 (2008), சிஎஸ் 5 (2010) என்று வளர்ந்து, 2012 மே மாதம் சிஎஸ் 6 வந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் எழுத்துகளைக் கோக்கும் வசதியை இன்டிசைனில் அடோபி முறையாக அளித்தது இந்தப் பதிப்பில்தான். ஒருங்குறித் தமிழை இன்டிசைனில் ஒழுங்காக அமைக்க முடிந்த காலமும், அதை விலைக்கு வாங்க முடிந்த கடைசிக் காலமும் ஒன்றாகவே அமைந்தன.

மேம்பாட்டு விலை என்னும் சலுகை

பழைய முறையில் இரண்டு விலைகள் இருந்தன. முதன்முறை வாங்குவோருக்கு முழு விலை. ஏற்கெனவே பழைய பதிப்பை வைத்திருப்போர் புதிய பதிப்புக்கு மாறக் குறைந்த விலை. இதுவே மேம்பாட்டு விலை. அமெரிக்காவில் ஃபோட்டோஷாப் சிஎஸ் 6-இன் முழு விலை 699 டாலர், மேம்பாட்டு விலை 199 டாலர். எல்லா மென்பொருள்களும் அடங்கிய மாஸ்டர் கலெக்ஷன் தொகுப்பின் முழு விலை 2,599 டாலர்.

699-க்கும் 199-க்கும் இடையே உள்ள 500 டாலர்தான் பழைய வாடிக்கையாளர் என்ற தகுதியின் மதிப்பு. முன்பு ஒருமுறை முழு விலை கொடுத்தவருக்கு அந்தத் தகுதி ஒரு சொத்துபோல இருந்தது. ஓராண்டு வருமானம் குறைந்தால் அவர் புதிய பதிப்பை வாங்காமல் இருக்கலாம். அதற்காகத் தண்டனை ஒன்றுமில்லை. பழைய பதிப்பு வழக்கம்போல் ஓடும். மூன்று பதிப்புகள் பின்தங்கியிருந்தாலும் மேம்பாட்டு விலை கிடைக்கும் என்பது நெடுநாள் நடைமுறையாக இருந்தது.

பதிப்புகளைத் தாண்டித் தாண்டி வாங்கும் இந்தப் பழக்கம் சிறு அச்சகங்களிலும் ஒளிப்பட நிலையங்களிலும் இயல்பானது. பள்ளி ஆண்டு மலர் வேலையாக நான் போய்வந்த அச்சகங்கள் சிலவற்றில், 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7.0 வெகுகாலம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. வேலை நடக்கும்வரை கருவியை மாற்றுவானேன் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. (அவற்றில் எத்தனை முறையான உரிமம் பெற்றவை என்பது வேறு கேள்வி.)

மென்பொருள் நிறுவனத்துக்கு இந்தப் பழக்கம் பெரிய தலைவலி. ஃபோட்டோஷாப் போன்ற ஒன்று நன்கு முதிர்ந்தபின், புதிய பதிப்பில் சேரும் வசதிகள் பலருக்கு அவசியமாக இருப்பதில்லை. அப்போது புதிய பதிப்புக்கு முதல் போட்டி அந்நிறுவனமே முன்பு விற்ற பழைய பதிப்புதான்.

2011 நவம்பர் மாதம் அடோபி இந்தச் சலுகையில் கைவைத்தது. சிஎஸ் 6 வரும்போது அதற்கு நேர் முந்தைய சிஎஸ் 5, சிஎஸ் 5.5 பதிப்புகளை வைத்திருப்போருக்கு மட்டுமே மேம்பாட்டு விலை என்று அறிவித்தது. சிஎஸ் 3, சிஎஸ் 4 வைத்திருந்தோர் திடீரென்று புதியவர்களுக்குச் சமமாக்கப்பட்டனர். ஃபோட்டோஷாப் பற்றிப் பல நூல்கள் எழுதிய ஸ்காட் கெல்பி, இது நியாயமன்று என்று அடோபிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். விதி தவறு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. முன்னறிவிப்பின்றி நடுவழியில் மாற்றுவதுதான் பெரிய குறை என்றார். 2012 ஜனவரியில் அடோபி ஓரளவு இறங்கிவந்து, சிஎஸ் 3, சிஎஸ் 4 வைத்திருப்போரும் 2012 டிசம்பர் 31 வரை மேம்பாட்டு விலையில் சிஎஸ் 6 வாங்கலாம் என்றது. ஆனால் அதற்குப்பின் மேம்படுத்துவதற்குப் பெட்டியில் எதுவும் வரவில்லை.

2013 மே 6

கிரியேட்டிவ் கிளவுட் என்ற சந்தாத் திட்டம் 2012 மே மாதம் தொடங்கியிருந்தது. ஆண்டு ஒப்பந்தத்துடன் மாதம் 49.99 டாலர், ஒப்பந்தமின்றி மாதந்தோறும் கட்டினால் 74.99 டாலர். முதலில் இது விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வழியாகவே இருந்தது. 2013 மே 6 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஆண்டு மாநாட்டில், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே வரும் என்று அடோபி அறிவித்தது. சிஎஸ் 6 மேலும் சில ஆண்டுகள் பழைய முறையில் விற்கப்பட்டது. புதிய வசதிகள் எதுவும் அதில் சேரவில்லை.

எதிர்த்து எழுந்த இணைய மனுவில் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டனர். சிஎஸ் 3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வைத்திருந்தோருக்கு மாதம் 29.99 டாலர் என்று ஒரு சலுகை இருந்தது. ஆனால் அது முதலாண்டுக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு பழையவரும் புதியவரும் ஒரே வரிசை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்து இதைச் செய்து பார்க்கலாம். மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் 2013-இல் தொழில் தொடங்கும் இளைஞர். எல்லா மென்பொருள்களும் தேவை. பழைய முறையில் முதல் நாளே 2,599 டாலர் வைக்க வேண்டும். சந்தாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 டாலர். நான்கு ஆண்டுகள் கடந்தபின்தான் சந்தாத் தொகை பழைய விலையைத் தாண்டும். இடையில் வரும் புதிய வசதிகளும் கிடைக்கும். இவருக்குச் சந்தா நல்ல பேரம்தான்.

இரண்டாமவருக்கு ஃபோட்டோஷாப் மட்டும் போதும். 2007-இல் சிஎஸ் 3 வாங்கியவர். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் தவறாமல் மாறியவர். சிஎஸ் 4, சிஎஸ் 5, சிஎஸ் 6 என மூன்று முறை 199 டாலர். ஐந்தாண்டுகளில் 597 டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 டாலர். 2013-இல் தனியொரு மென்பொருளின் சந்தா மாதம் 19.99, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 240 டாலர். செலவு இரட்டிப்பாகிறது.

மூன்றாமவரும் 2007-இல் சிஎஸ் 3 வாங்கியவர். இடைப் பதிப்புகளை விட்டுவிட்டு 2012-இல் நேரே சிஎஸ் 6-க்கு மாறினார். ஐந்தாண்டுகளுக்கு ஒரே 199. ஆண்டுக்கு 40 டாலர். சந்தாவில் அவருடைய செலவு ஆறு மடங்காகிறது. அதே ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 1,200 டாலர்.

மூவரில் அதிக அடி வாங்குபவர் மூன்றாமவர். அவர் திருட்டுப் பிரதி வைத்திருந்தவர் அல்லர். விலை கொடுத்து வாங்கி, சிக்கனமாகப் பயன்படுத்தி, பிறகும் அதே நிறுவனத்திடமே திரும்பி வந்தவர். ‘மாதம் இருபது டாலர்தானே’ என்னும் பேச்சில் மறைந்துபோவது இவருடைய கணக்கு.

எதிர்ப்புக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. 2013 செப்டம்பரில் ஃபோட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்கு ஒளிப்படக் கலைஞர் திட்டம் வந்தது. தொடக்கத்தில் இது சிஎஸ் 3 முதலான பழைய பதிப்பு வைத்திருந்தோருக்கு மட்டும். 2014-இல் எல்லாருக்கும் நிலையான திட்டமாயிற்று. ஆண்டுக்கு 119.88 டாலர். மேலே இரண்டாமவர் பழைய முறையில் செலவழித்த அதே தொகை, அதோடு லைட்ரூமும் உண்டு. மூன்றாமவருக்கு இப்போதும் மூன்று மடங்குதான். பக்க வடிவமைப்பாளருக்கும் ஓவியருக்கும் இத்தகைய தனித்திட்டம் வரவில்லை.

நிறுவனத்தின் பக்கம்

அடோபிக்கும் இது ஆபத்தான அடிவைப்பாகவே இருந்தது. 2012 நிதியாண்டில் 440 கோடி டாலராக இருந்த வருவாய் 2013-இல் 406 கோடியாகக் குறைந்தது. நிகர லாபம் 83 கோடியிலிருந்து 29 கோடிக்கு விழுந்தது. மொத்தமாக வந்த பணம் இப்போது மாதத் தவணையாக வந்ததே காரணம். பின்னர் வருவாய் ஏறத் தொடங்கி, 2016-இல் 585 கோடியையும் 2024-இல் 2,150 கோடி டாலரையும் எட்டியது. இந்த வளர்ச்சி முழுவதும் படைப்பு மென்பொருளிலிருந்து வந்ததன்று. இணைய விளம்பர, வணிகச் சேவைகளும் அதில் அடக்கம். ஆயினும் மாதந்தோறும் உறுதியாக வரும் பணம் முதலீட்டாளர்களுக்குப் பிடித்திருந்தது. வரைபடப் பொறியியல் மென்பொருள்களைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் 2016-இல் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியது.

சந்தா முறைக்கு நியாயமும் உண்டு. பிழைகளும் பாதுகாப்புக் குறைகளும் உடனுக்குடன் திருத்தப்படுகின்றன. புதிய கேமராக்களின் கோப்புகளைத் திறக்க அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாத வேலை ஒன்றுக்கு மட்டும் ஒரு மென்பொருள் தேவைப்படுவோருக்கு ஆயிரக்கணக்கான டாலர் முதலீடு தேவையில்லை.

பழைய முறையைச் சொர்க்கமாக நினைப்பதும் சரியன்று. அப்போதும் வாங்கியவர் பெற்றது பயன்படுத்தும் உரிமம்தான். மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. கணினியில் நிறுவியபின் அடோபியின் வழங்கி ஒப்புக்கொண்டால்தான் அது இயங்கும். சிஎஸ் 2-க்கான அந்த வழங்கிகளை நிறுவனம் நிறுத்தியபோது, வாங்கியவர்களுக்கு ஒப்புதல் தேவைப்படாத வேறு பிரதி ஒன்றைத் தரவேண்டியதாயிற்று. 2019-இல் ஆப்பிளின் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் நிரல்களை ஏற்பதை நிறுத்தியதால், சிஎஸ் 6-இன் பல பகுதிகள் புதிய மேக் கணினிகளில் ஓடாமல் போயின. ‘நிரந்தரம்’ என்பது இயங்குதளம் மாறும்வரைதான். ஆனாலும் பழைய கணினியைப் பழையபடியே வைத்துக்கொள்ளும் முடிவு பயனர் கையில் இருந்தது. சந்தாவில் அந்த முடிவு அவரிடம் இல்லை.

இந்த வேறுபாட்டைப் பின்னர் நடந்த சில நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டின. 2014 மே மாதம் அடோபியின் உள்நுழைவுச் சேவை ஒரு நாளுக்கும் மேலாக முடங்கியது. 2019 மே மாதம், சில பழைய கிரியேட்டிவ் கிளவுட் பதிப்புகளைப் பயன்படுத்த இனி உரிமமில்லை என்றும், தொடர்ந்து பயன்படுத்துவோர் மீது மூன்றாம் தரப்பினர் உரிமை மீறல் கோரிக்கை எழுப்பக்கூடும் என்றும் சந்தாதாரருக்கு மடல் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்க அரசின் தடை ஆணையைக் காட்டி வெனிசுவேலாவின் எல்லாக் கணக்குகளையும் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. முதலில் பணம் திரும்பக் கிடைக்காது என்றுகூடச் சொல்லப்பட்டது. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தபின் சில வாரங்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஒழுங்காகப் பணம் கட்டிவந்த வரைகலைஞர் ஒருவர், தம் நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் உள்ள சச்சரவால் தம் தொழிற்கருவியை இழக்கும் நிலை அந்தச் சில வாரங்கள் இருந்தது.

லைட்ரூம் பயனர்களுடைய மனக்குறை வேறு வகையானது. லைட்ரூம் காலவரையின்றி நிரந்தர உரிமத்திலும் கிடைக்கும் என்று 2013-இல் அடோபி உறுதி கூறியிருந்தது. 2015-இல் வந்த லைட்ரூம் 6-உடன் அது முடிந்துவிட்டதாக 2017 அக்டோபரில் தெரிவித்தது. விலை கூடியதைவிட இது பலரை அதிகம் புண்படுத்தியதில் வியப்பில்லை.

சலுகை யாருக்கு?

சந்தா முறையில் தள்ளுபடி ஒழிந்துவிடவில்லை, அது கைமாறியது. முன்பு பழையவருக்குக் கிடைத்த குறைந்த விலை, இப்போது புதிதாகச் சேர்பவருக்கு முதலாண்டுச் சலுகையாகிறது. மாணவர் சந்தாவும் அப்படித்தான்: முதலாண்டு ஒரு விலை, அடுத்த ஆண்டு முதல் கூடுதல் விலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் தெரிவது முதலாவது. விலகப்போகிறேன் என்று பொத்தானை அழுத்துவோருக்கு ஓரிரு மாதம் இலவசம் என்று காட்டித் தக்கவைப்பதும் சந்தா வணிகத்தில் பரவலான வழக்கம். பேசாமல் கட்டிக்கொண்டே இருப்பவர்தான் முழு விலை கொடுப்பவர்.

கட்டிய ஆண்டுகள் சேர்ந்து எந்த உரிமையும் ஆவதில்லை. மாதம் 50 டாலர் என்று வைத்தாலும் பத்தாண்டில் 6,000 டாலர். பதினோராம் ஆண்டில் நிறுத்தினால் கையில் எந்தப் பதிப்பும் மிஞ்சாது. விலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்காவில் 49.99-ஆகத் தொடங்கிய முழுத் திட்டம் படிப்படியாக 59.99-ஆக ஏறியது. 2025 ஜூனில் செயற்கை நுண்ணறிவு வசதிகளைச் சேர்த்து, கிரியேட்டிவ் கிளவுட் ப்ரோ என்று பெயர் மாற்றி, வட அமெரிக்காவில் 69.99 டாலராக்கினர். அவ்வசதிகள் குறைந்த 54.99 டாலர் திட்டம் ஏற்கெனவே சந்தாவில் இருந்தோருக்குத் தரப்பட்டது. ஆனால் அதை அவர்களே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். 9.99 டாலர் ஒளிப்படத் திட்டம் 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதில் இருந்தவர்கள் மாதந்தோறும் கட்டினால் 14.99, ஆண்டுத் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் பழைய விலை.

விலகுவதற்கு ஒரு விலை

‘ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்’ என்ற சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். பணம் மாதந்தோறும் பிடிக்கப்பட்டாலும், கையெழுத்தானது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு. இடையில் விலகினால் எஞ்சிய மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மாதம் 59.99 டாலர் திட்டத்தில் எட்டு மாதம் எஞ்சியிருக்கும்போது விலகுபவர் ஏறத்தாழ 240 டாலர் தர வேண்டும்.

இந்தக் கட்டணத்தைச் சேரும்போது தெளிவாகக் காட்டவில்லை, விலகும் வழியையும் கடினமாக்கியது என்று குற்றஞ்சாட்டி, 2024 ஜூன் 17 அன்று அமெரிக்க அரசு அடோபி மீதும் அதன் உயர் அலுவலர் இருவர் மீதும் கலிபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இணைய நுகர்வோர் பாதுகாப்புக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே அதற்கு அடிப்படை. அடோபி குற்றச்சாட்டை மறுத்தது. தன் விதிகள் வெளிப்படையானவை என்றது. சேர்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக விலகவும் முடியவேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024 அக்டோபரில் பொது விதி ஒன்றை வகுத்தது. அது நடைமுறைக்கு வரும் முன்பே 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இந்தியப் பயனருக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்கின்றன. சந்தாப் பொறி அவற்றுள் ஒன்று. புகார் செய்ய நுகர்வோர் உதவி எண் 1915.

கோப்புகளும் மாற்று மென்பொருள்களும்

மாறுவதில் உண்மையான தடை பல நேரம் பணம் அன்று, பழைய வேலைகள். இன்டிசைன் கோப்பு அடோபிக்கு உரிய வடிவில் இருக்கிறது. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு அப்படியே திறக்காது. சந்தா முடிந்தாலும் கணினியில் உள்ள கோப்புகள் அழிவதில்லை, ஆனால் திறக்கக் கருவி இல்லை. இருபதாண்டு மலர்களையும் நூல்களையும் அவ்வடிவில் வைத்திருக்கும் பதிப்பகம் சந்தாவைத் தொடர்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது விசுவாசம்போலத் தெரியும்.

மாற்றுகள் முன்பைவிட இப்போது அதிகம். இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் 2014 முதல் அஃபினிட்டி டிசைனர், ஃபோட்டோ, பப்ளிஷர் ஆகியவற்றை ஒருமுறை விலையில் விற்று, அடோபியின் சந்தாவில் சலித்தோரை ஈர்த்தது. 2024-இல் அதை கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் மூன்றையும் ஒன்றாக்கி இலவசமாக்கியது. காணொளித் தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. கூடுதல் வசதி கொண்ட பதிப்பு 295 டாலர், ஒருமுறை மட்டும். கட்டற்ற மென்பொருள்களில் ஜிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா, ஸ்கிரைபஸ், பிளெண்டர் உள்ளன. பள்ளி மாணவர்கள் இவற்றில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒருங்குறித் தமிழை இவற்றுள் எது சரியாகக் கோக்கிறது என்பதைத் தொடங்கும் முன் ஒரு பக்கமாவது தட்டச்சு செய்து பார்த்துவிட வேண்டும். கொக்கி, கொம்பு, இரட்டைச் சுழி இருக்கும் சொற்களில் குறை உடனே தெரிந்துவிடும்.

சந்தாவை நிறுத்த முடிவு செய்தவர்கள், மென்பொருள் திறந்துகொண்டிருக்கும்போதே கோப்புகளைப் பொது வடிவங்களுக்கு மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இன்டிசைன் பக்கங்களை ஐடிஎம்எல் வடிவில் சேமித்தால் அஃபினிட்டி அதைத் திறக்கும். இல்லஸ்ட்ரேட்டர் ஓவியங்களுக்கு எஸ்விஜி அல்லது பிடிஎஃப், ஒளிப்படங்களுக்கு டிஃப் வடிவம் ஏற்றவை. ஆண்டு ஒப்பந்தம் முடியும் தேதி அடோபி கணக்குப் பக்கத்தில் இருக்கும். அதற்கு முன் நிறுத்தாவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் தானாகவே தொடங்கிவிடும்.